13 வெற்றி, ஐந்தாம் இடம்

2023 டிசம்பர் 3. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்) ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் என் அணி. அந்த சீசனில் அதுவரை ஆடிய 13 ஆட்டத்திலும் ஜெயித்தோம். முந்தின இரவுதான் லூயிவில்லை 16-6 என்று மடக்கி, நாங்கள் ஆடும் ஏசிசி என்ற அணிக்கூட்டமைப்பின் பட்டத்தை வாங்கியிருந்தோம். தேசியப் பட்டத்தை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றில் அப்போது நான்கு அணிகளுக்குத்தான் இடம். அந்த நான்கைத் தேர்ந்தெடுக்கும் குழு எங்களை ஐந்தாவதாக வைத்தது. ஒரு தோல்வி கண்ட டெக்சஸ் மூன்றாவது. அந்த டெக்சஸிடம் சொந்த மைதானத்திலேயே தோற்ற அலபாமா நான்காவது.

காரணம், எங்கள் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜோர்டன் டிராவிஸின் கால் நவம்பரில் முறிந்தது. அவர் இல்லாத அணி பழைய அணி இல்லையாம். குழுவின் ஊகம் அது. அவர் இல்லாமல்தானே ஃப்ளோரிடா பல்கலைக்கழக அணியையும் லூயிவில்லையும் ஜெயித்தோம்? 2014-இல் ஒஹாயோ ஸ்டேட் மூன்றாம் நிலை குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொண்டு உள்ளே போனது, சாம்பியனும் ஆனது. சரி, அவர்கள் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கிவிட்டுப் போனார்கள், நாங்கள் தட்டுத்தடுமாறி ஜெயித்தோம். ஆனால் அவர்கள் ஒரு ஆட்டத்தில் தோற்றவர்கள், நாங்கள் ஒன்றிலும் தோற்காதவர்கள். என் கால் இன்னும் முன்னாடியே உடைந்திருக்கக்கூடாதா என்று டிராவிஸ் அன்று எழுதினார். தான் இல்லாமலும் அணி ஜெயிக்கும் என்று காட்ட இன்னும் நாலு ஆட்டம் கிடைத்திருக்கும் என்ற ஏக்கம் அது. படித்தபோது கண் கலங்கிவிட்டது.

பிளேஆஃபுக்கு வெளியே, சீசன் முடிவில் நடந்த ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றதைக் காட்டி, "பார்த்தாயா, குழு சொன்னது சரிதான்" என்பவர்கள் உண்டு. அன்று இருபதுக்கும் மேற்பட்ட எங்கள் வீரர்கள் ஆடவில்லை. பட்டத்துக்கான வாசலை மூடிய பிறகு ஆடிய ஆட்டத்தை வைத்து, மூடியது நியாயம் என்று எப்படிச் சொல்வது?

அடுத்த ஆண்டு ஊகம் எங்கள் பக்கம் சாய்ந்தது. ஏபி செய்தி நிறுவனத்தின் வாக்கெடுப்பில் அறுபது பேர் அளவில் விளையாட்டுச் செய்தியாளர்கள் ஆளுக்கு 25 அணிகளை வரிசைப்படுத்துவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு ஒன்று. 2024 சீசன் தொடங்கும் முன்பே அவர்கள் எங்களுக்குப் பத்தாம் இடம் தந்தார்கள். மனசு குளிர்ந்தது, மறைக்க மாட்டேன். டப்ளினில் நடந்த முதல் ஆட்டத்திலேயே ஜார்ஜியா டெக்கிடம் தோற்றோம். சீசன் முடிந்தபோது இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. எங்களுக்குச் சாதகமான ஊகமும் ஊகம்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

2025 தொடக்கத்தில் ஏபி பட்டியலிலேயே நாங்கள் இல்லை. எட்டாம் இடத்திலிருந்த அலபாமா எங்கள் அணியின் ஊரான தலஹாசிக்கு வந்தது, 31-17 என்று ஜெயித்தோம். அடுத்த பட்டியலில் 14, பிறகு 8. அப்புறம் வர்ஜீனியாவிடம் இரண்டு கூடுதல் சுற்று வரை போராடித் தோற்றோம், சரிவு நிற்கவே இல்லை. ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. அதில் எனக்குப் புகார் இல்லை. எல்லாம் மைதானத்தில் தோற்றவை.

இப்போது பிளேஆஃபில் 12 அணிகள். 2023-இல் அப்படி இருந்திருந்தால் நாங்கள் உள்ளே இருந்திருப்போம். அந்த வருடப் பையன்களுக்கு அதனால் என்ன பயன்? தோற்றுவிட்டு வெளியேறும் உரிமையாவது அவர்களுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.