துண்டுக்கு அடியில் போகாத கை

ஐப்பசி பிறந்தாலே தீபாவளி ஆட்டுச் சந்தைப் படங்கள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். நேற்று ஒரே படத்தை ஏழு பேர் பகிர்ந்திருந்தார்கள். இரண்டு பெரியவர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவர் கையையும் ஒரு பச்சைத் துண்டு மூடியிருக்கிறது. உள்ளே விரல் பிடித்து விலை பேசுகிறார்கள். வாயைத் திறக்காமல் வியாபாரம் முடிக்கும் முன்னோர் அறிவு என்று கீழே பாராட்டு. பாராட்டியவர்களில் என் உறவினர்களும் இருந்தார்கள்.

எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் அம்மாவின் நினைவுதான் வந்தது. முப்பது வருடங்களாக ஆடு வளர்க்கிறவள் அவள். அந்தத் துண்டுக்கு அடியில் அவள் கை ஒருநாளும் போனதில்லை. முன்பின் தெரியாத ஓர் ஆணின் விரலைப் பிடித்துக்கொண்டு, சந்தையே பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் ஊர்ப் பெண் எவள் விலை பேசுவாள்? அவள் ஆட்டுக்கான விலையை எப்போதும் வேறு யாரோதான் பேசியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் மதுரை மாவட்டத்தில் கள்ளிக்குடிப் பக்கம். கரிசல் காடு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர், மதகு திறப்பு, முறை வைப்பது எல்லாம் மேலூர்க்காரர்களும் வாடிப்பட்டிக்காரர்களும் பேசுகிற பேச்சு. எங்களுக்கு மேலே பார்த்தால் வானம், கீழே பார்த்தால் கரிசல், அவ்வளவுதான். பருத்தி ஒரு வருடம் கைகொடுத்தால் இரண்டு வருடம் காலை வாரும். ஆடு அப்படிச் செய்ததில்லை. வேலிக்கருவை நெற்றும் வேப்பந்தழையும் தின்று ஐந்து மாதச் சினையில் இரண்டு குட்டி போட்டுவிடும். எங்கள் வீட்டில் இருப்பவை கன்னி ஆடுகள். கறுப்பு உடம்பு, முகத்தில் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இறங்கினால் பால்கன்னி, சிவப்புக் கோடு என்றால் செங்கன்னி. ஆட்டில் வரும் பணம் அம்மாவின் சிறுவாடு. அப்பா அதில் கேட்கமாட்டார். என் கல்லூரிக் கட்டணம், தம்பியின் சைக்கிள், அப்பாவுக்குக் கண் அறுவை சிகிச்சை எல்லாம் அந்தச் சிறுவாட்டிலிருந்து வந்தவை.

புரட்டாசியில் பெருமாளுக்காகப் பாதி வீடுகளில் கறி நின்றுவிடும், சந்தையும் படுத்துவிடும். எப்படிப்பட்ட கிடாயாக இருந்தாலும் அந்த மாதம் விற்கக் கூடாது என்பாள் அம்மா. ஐப்பசி பிறந்து தீபாவளிக்கு முந்தைய வெள்ளிச் சந்தை வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். வருடத்தில் வளர்க்கிறவள் கை ஓங்குகிற வாரம் அது ஒன்றுதான்.

அந்த வெள்ளியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விடிவதற்கு வெகு முன்பே சரக்கு ஆட்டோக்கள் வந்து நிற்கத் தொடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை காலம் என்பதால் தரை முழுக்கச் சேறு. நனைந்த ஆட்டு வாடை, டீக்கடை ஆவி, கயிறு விற்கிறவர், சலங்கை விற்கிறவர், ஆட்டுக்குத் தழைக்கட்டு விற்கிற கிழவி. அழைத்து வந்த ஆட்டை நடுவில் விட்டுச் சுற்றி நிற்கும் குடும்பங்கள். விற்றாக வேண்டும் என்று வந்துவிட்டு, கயிற்றை விடும்போது அழுகிற பிள்ளைகள். நானும் அப்படி அழுதிருக்கிறேன். எங்கள் வீட்டில் ஆட்டை விற்றால் பழைய கயிற்றைக் கொடுப்பதில்லை, அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம். வாங்குகிறவர் தன் கயிற்றைப் போட்டுக்கொண்டு போகட்டும். அந்தப் பழைய கயிறு அடுத்த குட்டிக்கு.

2018 ஐப்பசியில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு கிடாய்களைக் கொண்டுபோயிருந்தோம். எங்களுக்குப் பழக்கமான தரகர் ஒருவர் வந்தார். இடுப்பில் கைவைத்து அழுத்திப் பார்த்தார், பல்லைப் பிரித்துப் பார்த்தார். ஒரு வியாபாரியை அழைத்துவந்து துண்டைப் போட்டார். இரண்டு நிமிடம். “தாயி, இரண்டும் சேர்த்துப் பதின்மூன்றாயிரம். இதற்கு மேல் ஒருவரும் கொடுக்க மாட்டார்” என்று அம்மாவிடம் பணத்தை எண்ணிக் கொடுத்தார். தரகுப் பணம் தனியாக வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து டீக்கடையில் நின்றபோது, எங்கள் ஆட்டை வாங்கிய அதே வியாபாரி பக்கத்தில் இருந்தவரிடம், “ஜோடி பதினைந்துக்கு முடித்தேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கும் காதில் விழுந்தது. டம்ளரைக் கீழே வைத்தாள். போய்க் கேட்கலாம் என்று நான் கிளம்பினேன். கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள். துண்டுக்குள் நடந்ததற்குச் சாட்சி யார்? அவர் இல்லை என்பார், நாம் ஆமாம் என்போம். அடுத்த வருடம் நம் ஆட்டுப் பக்கம் எந்தத் தரகரும் வர மாட்டார்.

பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரைக்கும் அவள் பேசவில்லை.

எல்லாத் தரகர்களையும் திருடர்கள் என்று நான் சொல்லவில்லை. இரவெல்லாம் விழித்து, இரண்டு பக்கமும் பேசி, பணத்துக்குப் பொறுப்பேற்று நிற்கிற நியாயமான மனிதர்களையும் அதே சந்தையில் பார்த்திருக்கிறேன். துண்டுக்கும் ஒரு காரணம் உண்டு. ஒரே காலையில் இருபது உருப்படி வாங்க வந்தவர் முதல் ஆட்டுக்குக் கொடுத்த விலை வெளியே தெரிந்தால், மீதிப் பத்தொன்பதுக்கும் அதையே கேட்பார்கள். அவரைக் காப்பாற்ற அந்தத் துண்டு சரியான கருவி. வாங்க வந்தவரைக் காப்பாற்றுகிறது. விற்க வந்தவளை யார் காப்பாற்றுவது?

அந்த வருடத்துக்குப் பிறகு அம்மா சந்தைக்குப் போவதை விட்டுவிட்டாள். வியாபாரிகள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். அதில் இன்னும் பெரிய அடி. வாசலில் வந்து நிற்பது ஒரே ஒருவர், அவர் சொன்னதுதான் விலை. வேண்டாம் என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார், அடுத்தவர் எப்போது வருவார் என்று தெரியாது. ஒரு தடவை செவ்வாய்க்கிழமை வாசலில் விற்ற ஆட்டின் உடன்பிறப்பை, அதே ஈற்றுக் குட்டியை, பக்கத்து வீட்டு அக்கா வெள்ளிக்கிழமை சந்தையில் விற்று எங்களைவிட ஆயிரத்து ஐந்நூறு அதிகமாக வாங்கி வந்தார். சந்தை எதற்கு, செல்போனில் படம் போட்டு விற்றுக்கொள்ளலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். படத்தைப் பார்த்து விலை சொல்கிற வியாபாரியும் அந்த வாசல் வியாபாரிதான். நூறு பேர் வாங்க வந்து நிற்கிற இடத்தில்தான் ஆட்டுக்கு விலை பிறக்கிறது. அதனால் சந்தை இருக்க வேண்டும் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை.

2022 இல் நான் ஒரு தொங்கு தராசு வாங்கிக் கொடுத்தேன். கையடக்கமான டிஜிட்டல் தராசு, கீழே கொக்கி. வாசல் வேப்பமரக் கிளையில் கட்டினோம். அப்பாவின் பழைய வேட்டியைத் தூளி மாதிரி மடித்து, அதில் கிடாயின் வயிற்றைத் தாங்கித் தூக்கினோம். இரண்டு பல் போட்ட பால்கன்னிக் கிடாய். நான்கு காலும் அந்தரத்தில் தொங்க, திகைத்துப்போய்க் கத்தக்கூட மறந்துவிட்டது. தராசில் எண்கள் துள்ளித் துள்ளி 23 கிலோவில் வந்து நின்றன. அம்மா என்னைப் பார்த்தாள், மறுபடி தராசைப் பார்த்தாள். முந்தின நாள்தான் ஒரு வியாபாரி அதே கிடாயின் முதுகைத் தடவிவிட்டு, “எட்டுக் கிலோ கறி தேறினால் பெரிது” என்று சொல்லிப் போயிருந்தார். உயிர் எடையில் ஏறத்தாழ பாதி கறியாகத் தேறும் என்பது ஆடு அறுக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கொஞ்சம் குறைத்தே வைத்தாலும் பதினொரு கிலோவை ஒட்டி வரும். அன்றைக்கு எங்கள் ஊர்க் கறிக்கடையில் கிலோ 800 ரூபாய். தலை, கால், குடல், தோல் எல்லாம் தனி.

மூன்று கிலோ. முப்பது வருடங்களில் எத்தனை ஆடுகளில் எத்தனை மூன்று கிலோ போயிருக்கும் என்று அன்று இரவு அம்மா கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இதே மதுரையில், 1999 நவம்பர் 14 அன்று அண்ணா நகரில்தான் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. தக்காளி கொண்டுவருகிற விவசாயிக்கு அங்கே தராசு கொடுக்கிறார்கள். அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுகிறார்கள். நெல்லுக்கும் பருத்திக்கும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது, எடை போட்டு ஏலம் விடுகிறார்கள். ஒரு கிலோ கத்தரிக்காய்க்குத் தராசும் பலகையும் உண்டு, பத்தாயிரம் ரூபாய் ஆட்டுக்கு ஒரு துண்டு! 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருக்கின்றன. எங்கள் பக்கம் அவற்றில் பாதிக்கு மேல் பெண்கள் கையில் வளர்கின்றன என்று கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். 2011 இல் அரசு ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு நான்கு வெள்ளாடுகள் கொடுத்தது. எங்கள் தெருவில் வாங்கியவர்கள் எல்லோரும் பெண்கள். ஆட்டைக் கொடுத்தார்கள், அதை நியாயமாக விற்க ஓர் இடத்தைக் கொடுக்கவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் பெரியப்பா கோபப்படுகிறார். “ஆடு என்ன உருளைக்கிழங்கா, தராசில் தூக்கிப் போட?” என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளர்ப்புக்கு வாங்குகிற பெட்டையை எடையால் மதிக்க முடியாது. தாய் எத்தனை குட்டி போட்டது, மடி எப்படி, காம்பு எப்படி, நடை எப்படி என்று பார்க்கிற கண் வேண்டும். அந்தக் கண் பெரியப்பாவுக்கு இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது. கோயிலுக்கு நேர்ந்துவிடத் தேடுகிற கருங்கிடாய்க்கும் எடை விலை பொருந்தாது. தராசில் ஏற்றுவதற்கு முன் உப்பைக் கொடுத்துத் தண்ணீர் குடிக்க வைத்து வயிற்றை ஊதவைக்கிறவர்களும் இருப்பார்கள். எல்லாம் சரி. எடைதான் விலை என்று நான் சொல்லவில்லை. தீபாவளிக்குக் கறிக்காக வாங்கப்படுகிற கிடாயின் எடை இன்னது என்று விற்கிறவளுக்கும் தெரிந்திருக்கட்டும், அதன்பிறகு விலையை வாய்விட்டுப் பேசட்டும். பெரியப்பா இன்னும் சமாதானம் ஆகவில்லை. ஆனால் போன மாதம் அவருடைய கிடாயையும் எங்கள் வேப்பமரத்துக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு வேண்டியது பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. சந்தை நுழைவாயிலில் அரசு முத்திரையிட்ட ஒரு மேடைத் தராசு, எடையைச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஓர் ஆள். முந்தின வாரம் கறிக்கிடாய் கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஒரு பலகை. வாசலில் ஒரு கால்நடை மருத்துவர் கட்டாயம் வேண்டும். மழைக் காலத்தில் பத்து ஊர் ஆடுகள் ஒன்றோடொன்று மூக்கை உரசி நிற்கிற இடம் அது. ஆட்டுக்கொல்லி நோயை 2030க்குள் உலகத்திலிருந்தே ஒழிப்பது என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். விற்காமல் திரும்புகிற ஓர் ஆடு அந்த நோயை வீட்டுப் பட்டிக்குக் கொண்டுவந்தால் பட்டியே காலியாகிவிடலாம். அப்புறம், விளக்கு எரிகிற, தாழ்ப்பாள் உள்ள ஒரு பெண்கள் கழிப்பறை. பின்னிரவு மூன்று மணிக்கு ஆட்டோடு வருகிற பெண்கள் முந்தின நாள் மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிறார்கள். அம்மா அப்படித்தான் வருவாள். உருப்படிக்கு இவ்வளவு என்று சுங்கம் வாங்குகிறார்கள் அல்லவா, அந்தப் பணத்தில் இதையெல்லாம் செய்யலாம். இரண்டு வருடங்களுக்கு முன் இதை மனுவாக எழுதிக் கொடுத்தேன். பெற்றுக்கொண்டதாக ஒரு சீட்டு மட்டும் கையில் இருக்கிறது.

படம் பகிர்கிற நண்பர்களே, படத்தைப் பகிருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த முறை அந்த இரண்டு பெரியவர்களுக்குப் பின்னால், ஆட்டுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிற பெண்ணையும் கொஞ்சம் பாருங்கள். அநேகமாக அந்த ஆடு அவளுடையது.

அம்மா போன ஐப்பசியில் மறுபடி சந்தைக்கு வந்தாள். தராசை மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். இந்த வருடம் மூன்று கிடாய்கள் இருக்கின்றன. தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை நான்கு மணிக்கெல்லாம் சந்தை வாசலுக்கு அருகே உள்ள டீக்கடைப் பக்கம் இருப்போம். கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்திலிருந்து ஆடு கொண்டுவருகிற அக்காமார், சித்திமார் யாராவது இதைப் படித்தால், துண்டு போடுகிறவரிடம் போவதற்கு முன் எங்களிடம் வந்து ஒருமுறை எடை பார்த்துக்கொண்டு போங்கள். வேட்டித் தூளி இருக்கிறது. தூக்கிப் பிடிக்க நானும் தம்பியும் இருக்கிறோம்.