பதில் வரவில்லை என்பதற்காக டிஸ்கைக் கைவிடாதீர்கள்

சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் போட்டோ ஸ்டுடியோவில் நான்கு டிஸ்க் கொண்ட ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் மற்றவற்றிலிருந்து தரவை மீட்கும்படி பல டிஸ்குகளைச் சேர்த்த அமைப்பு) இரண்டே நாளில் விழுந்தது. முதலில் ஒரு டிஸ்க் வெளியே தள்ளப்பட்டது. புதியதைப் போட்டு, அதில் தரவைத் திரும்ப நிரப்பும் ரீபில்டு ஓடும்போது இன்னொன்றும் போனது. கல்யாண ஆல்பங்கள் அத்தனையும் அதில்தான். இரண்டையும் கழற்றித் தனியாகச் சோதித்தேன். நன்றாகவே ஓடின. ஒவ்வொன்றிலும் ஓரிரு செக்டர் (தரவு எழுதும் சிறு துண்டு) மட்டும் படிக்க முடியவில்லை. இதற்காகவா இரண்டு டிஸ்கையும் இழந்தோம் என்று அன்று வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

நடந்தது இதுதான். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டரில் மாட்டினால் விடாமல் மறுபடி மறுபடி படித்துப் பார்க்கும். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்த டிஸ்குக்கு வழக்கமாகத் தரும் அவகாசம், அதாவது டைம்அவுட், 30 வினாடி. அது முடிந்ததும் படிக்கச் சொன்ன கோரிக்கையை ரத்து செய்யப் பார்க்கும், நடக்காவிட்டால் ரீசெட், கடைசியில் டிஸ்கையே ஓரங்கட்டிவிடும். அதே டிஸ்க் 7 வினாடியில் ‘படிக்க முடியவில்லை’ என்று சொல்லியிருந்தால், ரெய்டு மற்ற டிஸ்குகளிலிருந்து அந்தத் தகவலைக் கணக்கிட்டு அதே இடத்தில் திரும்ப எழுதியிருக்கும். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

இதைச் சொன்னால், ‘அப்போ கெர்னல் டைம்அவுட்டை 5 வினாடி ஆக்கிவிடலாமே’ என்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். டைம்அவுட் என்றால் வேலை தோற்றது என்று பொருளில்லை, பதில் இன்னும் வரவில்லை என்றுதான் பொருள். ராத்திரி வாசலில் பால்காரருக்குப் பாத்திரம் வைக்கிறோம். அவர் வரத் தாமதம் என்று அதே பாத்திரத்தில் மோரை ஊற்றி அங்கேயே வைத்தால், இருட்டில் வந்தவர் பாலை அதிலேயே ஊற்றிவிட்டுப் போவார். படித்த தரவைப் போட டிஸ்குக்குக் கொடுத்த மெமரியும் அப்படித்தான். டிஸ்க் அதைக் கைவிட்டது உறுதியாகும் முன் கோரிக்கையை முடித்து, மெமரியை வேறு வேலைக்குக் கொடுத்தால், பழைய தரவு புதியதன் மேல் வந்து விழும். அதனால்தான் ரத்து, ரீசெட் என்று அத்தனை படிகள். அந்தப் பொறுமையைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

சரியாக 30வது வினாடியில் பதிலும் வந்துவிட்டால்? டைம்அவுட் ஒரு பக்கம், பதில் ஒரு பக்கம், இரண்டும் ஒரே கோரிக்கையை முடிக்கப் பாயும். இதற்குள் அந்தக் கோரிக்கையை அடையாளம் காட்டும் டேக் எண் வேறு கோரிக்கைக்குப் போயிருந்தால் இன்னும் ஆபத்து. 2018இல் கெர்னல் 4.16க்கு இதற்கென ஒரு புதிய முறை எழுதினார்கள். அதே வருடம் 4.18இல் அதை எடுத்துவிட்டு, கோரிக்கையை யாராவது பிடித்திருக்கும் வரை விடுவிக்காத ரெஃபரன்ஸ் கவுண்ட் (எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) முறைக்குப் போனார்கள். கைதேர்ந்தவர்களையே இப்படி அலைக்கழித்த இடம் இது.

ஆகவே குறைக்க வேண்டியது டிஸ்கின் பிடிவாதத்தை. டிஸ்கைச் சோதிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் (smartctl) கருவியில், கெட்ட செக்டரோடு டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்று சொல்லும் எஸ்சிடி ஈஆர்சி (SCT ERC) அளவை 70 என்று வையுங்கள், அதாவது 7 வினாடி. பல டிஸ்குகள் மின்சாரம் போய் வந்தால் இதை மறந்துவிடும், எனவே கணினி தொடங்கும்போது ஓடும் பூட் ஸ்கிரிப்டிலும் போட்டுவிடுங்கள். உங்கள் டிஸ்கில் அந்த வசதியே இல்லையென்றால், கெர்னல் டைம்அவுட்டை 180 வினாடிக்கு ஏற்றுங்கள். ஸ்டுடியோவில் கட்டாய அசெம்பிள் செய்து, அதாவது வெளியே தள்ளப்பட்ட டிஸ்கையும் வலிந்து சேர்த்து ரெய்டை ஓட்டி, பெரும்பாலான ஆல்பங்களை மீட்டோம். இரண்டு குடும்பங்களின் படங்கள் மட்டும் கிடைக்கவே இல்லை.