பின்னேரத்தை அம்மம்மாவிடம் கொடுங்கள்

திருகோணமலையில் ஐந்தாம் தரத்துப் பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்கும் பின்னேரம் போய்ப் பாருங்கள். அம்மம்மாவோ அப்பப்பாவோ விறாந்தையில் தனியாக இருப்பார். பிள்ளை ரியூசனில் இருக்கும். இருட்டிய பிறகு வந்து, சாப்பிட்டு, மாதிரி வினாத்தாள் ஒன்றைச் செய்துவிட்டுப் படுத்துவிடும். பிள்ளைகளைக் கைத்தொலைபேசி கெடுத்துவிட்டது என்று ஊரே சொல்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. பெரியவர்களோடு இருக்கவேண்டிய நேரத்தைப் பிள்ளைகளிடமிருந்து எடுத்தவர்கள் பெற்றோராகிய நாங்கள்தான்.

ஐந்தாம் தரத்தில் எழுதும் புலமைப்பரிசில் பரீட்சை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வசதியில்லாத பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையும் கிடைக்க அது ஒரு வழி. அந்த வழி திறந்திருக்க வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளையின் கிழமை நாட்களையும் சனி, ஞாயிறையும் 200 புள்ளிகளுக்காக எழுதிக் கொடுத்துவிட்டு, "பிள்ளைக்குப் பெரியவர்களிடம் ஒட்டுதல் இல்லை" என்று குறைப்படுவது என்ன நியாயம்?

என் மகள் சுற்றாடல் பாடத்துக்காக வடகீழ்ப் பருவக்காற்றையும் தென்மேல் பருவக்காற்றையும் மாதம் மாதமாக மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். பக்கத்து அறையில் என் அம்மா. சல்லி என்ற கரையோர ஊரில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். கார்த்திகையில் வாடை என்ற வடகீழ்க் காற்று எழும்பினால் தோணியை எவ்வளவு மேலே ஏற்ற வேண்டும், மார்கழிக் கடல் எப்படி உறுமும், கச்சான் என்ற தென்மேல் காற்று வீசும் மாதங்களில் கரை எப்படிக் காயும் என்பதெல்லாம் அவர் வாழ்ந்து அறிந்தவை. பரீட்சைக்குக் கேட்கும் அதே காற்றுத்தான். அதைப் படிக்கப் பிள்ளையைப் பணம் கட்டி வெளியே அனுப்புகிறோம்.

ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கவில்லை. அம்மா சூடை மீன் வாங்கியிருந்தார். மகளைப் பக்கத்தில் இருத்தி, செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டினார். தலையைக் கிள்ளி மெதுவாக இழுத்தால் குடலும் சேர்ந்து வரும் என்று செய்து காட்டினார். மகளின் முதல் மீன் நடுவில் பிய்ந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதைப் பூனைப் பக்கம் தள்ளிவிட்டு அடுத்ததைக் கையில் கொடுத்தார்.

சட்டி பாதி நிறைவதற்குள் 2004 டிசம்பர் 26 சுனாமி பேச்சில் வந்துவிட்டது. கரையிலிருந்த தோணியும் வலையும் போனது, இரவு கோயில் மண்டபத்தில் படுத்தது, முதல் சோற்றுப்பொதி யார் வீட்டிலிருந்து வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எனக்கே அவர் இந்த ஒழுங்கில் சொன்னதில்லை. நான் கேட்டால் "அதெல்லாம் இப்போது எதற்கு" என்று எழும்பிப் போய்விடுவார். கை வேலையில் இருந்ததால்தான் வாய் திறந்தது என்று நம்புகிறேன்.

ஆகவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "நீங்கள் இருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெரியவர்களிடமிருந்து எல்லா வேலையையும் வாங்கிவிடாதீர்கள். அன்பில்தான் செய்கிறோம், தெரியும். ஆனால் அவர்களுக்கும் வேலை இல்லை, பிள்ளைக்கும் வீட்டு வேலை தெரியாது என்றால் இருவரும் எதை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார்கள்?

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே பொருந்தும். கோடையில் ரொறன்ரோவுக்கும் எங்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே பிள்ளைகள் பாடசாலைக்கு வெளிக்கிடும்போது இங்கே விளக்கு வைத்தாயிற்று. அந்த அவசரத்தில் "சாப்பிட்டாயா, சுகமா" என்பதோடு அழைப்பு முடிகிறது. ஞாயிறு காலை சொதி வைக்கும்போது எடுங்கள். உப்பு எவ்வளவு, பால் எப்போது விடுவது என்று பிள்ளையே அம்மம்மாவிடம் கேட்கட்டும்.

இராவணன் தாயின் கிரியைக்காக உண்டாக்கினான் என்று சொல்லப்படும் கன்னியா வெந்நீரூற்றுக்கு நாங்கள் பெரும்பாலும் போவது ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளுக்குத்தான். ஏழு கிணறும் ஒவ்வொரு சூடு. வாளியில் அள்ளி ஊற்றினால் பிள்ளைகள் துள்ளுவார்கள். பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போது அவர்கள் கையால் அந்தத் தண்ணீர் பிள்ளைகளின் தலையில் விழவேண்டும் என்பது என் ஆசை. வரும் ஞாயிறு மகள் வகுப்புக்கு வரமாட்டாள் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவோடும் மச்சாளின் பிள்ளைகளோடும் காலையிலேயே போகிறோம். வாகனத்தில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. அயலில் யாராவது அம்மம்மாவும் பேரப்பிள்ளையுமாக வருவதென்றால் சொல்லுங்கள்.