எட்டாயிரம் ரூபாய்க்கு லென்ஸ் கேட்டால் சிரிப்பீர்களா?

ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் குளத்துப் படிக்கட்டில் புகைப்படக்காரர்கள் கூடியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். முடியவில்லை. வந்திருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் செய்தி வந்து சேர்ந்திருக்கும்.

அந்தத் தம்பி கேட்டது ஒரே கேள்வி. "அண்ணா, கேனான் 1500டி வச்சிருக்கேன். கூட வந்த 18-55 மட்டும்தான் இருக்கு. எட்டாயிரம் ரூபா சேத்து வச்சிருக்கேன். அடுத்து என்ன லென்ஸ் வாங்கலாம்?" கழுத்தில் இரண்டு கேமரா மாட்டியிருந்த மூத்தவர், "இன்னொரு சைபர் சேத்துக்கிட்டு வா, பேசலாம்" என்றார். பக்கத்தில் நின்றவர், "விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும் தம்பி, போன்லயே எடு" என்றார். குளத்துப் படிக்கட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவும் இல்லை. அந்தப் பையனின் லென்ஸ் மூடியில் ஒரு பக்கக் கொக்கி உடைந்துபோய், ரப்பர் பேண்ட் போட்டு நிறுத்தி வைத்திருந்தான். எல்லாரும் சிரிக்கும்போது அந்த ரப்பர் பேண்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான். மூன்று நாளாக எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

எட்டாயிரம் ரூபாய்க்குப் பதில் இருக்கிறது. நல்ல பதிலே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டிருக்க வேண்டும்: "நீ என்ன எடுக்கிற? எது உன் கைக்குச் சிக்காம போகுது?" ஒருவர்கூடக் கேட்கவில்லை. என்ன எடுக்கிறான் என்று தெரியாமலேயே எதை வாங்கக் கூடாது என்று மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

18-55 என்றால் 18 முதல் 55 மில்லிமீட்டர் வரை மாற்றிக்கொள்ளும் லென்ஸ். எண் கூடக் கூடத் தூரத்தில் இருப்பது நெருங்கி வரும், குறையக் குறைய அதிக இடம் படத்தில் அடங்கும். அதை வைத்திருப்பவனுக்கு ஒன்று வெளிச்சம் போதாமல் போகும், இல்லை தூரம் எட்டாமல் போகும், இல்லை இடம் போதாமல் முதுகு சுவரில் முட்டும். எது தன் குறை என்று கண்டுபிடிக்க யாரிடமும் போக வேண்டியதில்லை. இதுவரை எடுத்த படங்களைக் கணினியில் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டரில் எடுத்தது என்று பார்த்தால் போதும். நான் பார்த்திருக்கிறேன். அறுநூறு படத்தில் நானூறுக்கு மேல் 55-இல் இருந்தன, அதிலும் பாதி ஆடிப்போனவை. எனக்கு என்ன லென்ஸ் வேண்டும் என்று என் படங்களே சொல்லிக்கொண்டிருந்தன. நான்தான் காது கொடுக்காமல் ஊரார் பேச்சைக் கேட்டேன்.

அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். சைதாப்பேட்டையில் அப்பாவுக்குத் தையல் கடை. எட்டுக்குப் பத்து இருக்கும். மெஷினுக்கு மேலே ஒரே ஒரு குண்டு பல்பு. ஊசியில் நூல் கோக்கும்போது அப்பா நூல் முனையை உதட்டில் நனைத்து, இரண்டு விரலால் தட்டையாக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு கோப்பார். அந்த ஒரு நொடியை எடுக்க வேண்டும் என்று ஒரு வருஷம் முயற்சி செய்தேன். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் 55-இல் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. எஃப் எண் சின்னதானால்தான் லென்ஸ் அதிகம் திறக்கும், வெளிச்சமும் அதிகம் வரும். வெளிச்சத்தைக் கேமரா உணரும் அளவான ஐ.எஸ்.ஓ.-வை 3200 வைத்தாலும், ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/13 நொடிக்கு வந்துவிடும். விரல் எல்லாம் புகை மாதிரி வரும்.

இதை அன்றைக்கு என்னுடைய மூத்தவர்களிடம் கேட்டேன். "வாங்கினா 70-200 எஃப் 2.8 வாங்கு, வாழ்க்கைக்கும் ஒண்ணு போதும்" என்றார்கள். கடன் போட்டுப் பழையது ஒன்றை 62,000-க்கு வாங்கினேன். மாதம் 3,900 தவணை, பதினெட்டு மாதம். அதில் பல மாதம் அப்பாவின் கல்லாப் பெட்டியிலிருந்துதான் போனது. வாங்கிய பிறகுதான் கடைக்குள் நின்று பார்த்தேன். 70-லேயே அப்பாவின் முகம் மட்டும்தான் வருகிறது. ஊசியும் விரலும் வேண்டுமென்றால் தெருவில் இறங்கி நிற்க வேண்டும். ஒன்றரைக் கிலோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று, அப்பாவை எட்ட இருந்து எடுக்கவா நான் கடன் வாங்கினேன்? அது பீரோவில் துணிக்கு நடுவே தூங்கியது. சென்னைப் புழுக்கத்தில் ஒரு மழைக்காலம் தாங்கவில்லை. எடுத்துப் பார்த்தபோது உள் கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. 31,000-க்குத் தள்ளிவிட்டேன்.

அப்புறம்தான் கேனானின் 50 எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வாங்கினேன். செகண்ட் ஹேண்ட், 5,500 ரூபாய். 160 கிராம்தான், சட்டைப் பையில் கிடக்கும். எஃப் 5.6-ஐவிட எஃப் 1.8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். முழுக்கத் திறந்தால் ஊசி தெளிவாக இருந்தது, அப்பாவின் கண் மங்கிப்போனது. அதனால் 2.2-க்கு மூடினேன். ஷட்டர் 1/80 வந்தது. படம் கிடைத்தது. உதட்டு ஈரம் நூலில் மின்னுவதுகூடத் தெரிகிறது. கடையில் காலண்டருக்குப் பக்கத்தில் இன்றைக்கும் தொங்குகிறது, வந்து பாருங்கள்.

எனவே அந்தத் தம்பி வீட்டுக்குள், கடைக்குள், கோயில் பிரகாரத்தில் ஆட்களை எடுப்பவன் என்றால் 50 எஃப் 1.8 வாங்கலாம். புதிது பத்தாயிரம் பக்கம் வரும், செகண்ட் ஹேண்டில் அவன் பணத்துக்குள்ளேயே கிடைக்கும். வேடந்தாங்கல் போய்ப் பறவை எடுக்கிறவன் என்றால் இது கொஞ்சமும் உதவாது. அவனுக்குப் பழைய 55-250 எஸ்டிஎம். அந்த கேமராவில் படம் பதியும் சென்சார் சின்னது, கிராப் சென்சார் என்பார்கள். அதனால் அதில் 250 என்பது ஃபுல் ஃபிரேம், அதாவது 35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சார் கணக்கில் 400-க்குச் சமம். கூடு கட்டும் நாரைக்குப் போதும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா?

இதற்கு என்ன வரும் என்று தெரியும். "கிராப் சென்சார்ல 50 ரொம்ப நெருக்கம், சின்ன வீட்டுல முடியாது" என்பீர்கள். சரிதான், ஒத்துக்கொள்கிறேன். 1.6-ஆல் பெருக்கினால் 80 ஆகிவிடும். அதற்காகத்தான் 24 எஃப் 2.8 என்று அப்பளம் மாதிரி ஒன்று இருக்கிறது, 125 கிராம். காசில்லாமலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். கிட் லென்ஸை 24-இல் வைத்து டேப் ஒட்டி ஒரு நாள், 50-இல் ஒட்டி ஒரு நாள் சுற்றினால் தெரிந்துவிடும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்ரி கார்த்தியே-பிரெசோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50-தான் பயன்படுத்தினார் என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அவர் எடுத்தது 35 மி.மீ. பிலிமில். அந்தப் பார்வை 1500டி-யில் வேண்டுமென்றால் 31 பக்கம் வைக்க வேண்டும், அது ஏற்கெனவே அவன் கையில் இருக்கிற 18-55-லேயே இருக்கிறது.

"பிளாஸ்டிக் லென்ஸ், உடஞ்சிடும்." 1990-இல் வந்த பழைய 50-க்குத்தான் கேமராவில் மாட்டும் வளையமான மவுண்ட் பிளாஸ்டிக். 2015-இல் வந்த எஸ்டிஎம்-க்கு உலோக மவுண்ட். தெரியாமல் சொல்லாதீர்கள்.

"டிஎஸ்எல்ஆர் காலம் முடிஞ்சிடுச்சு, இப்ப அதுல காசு போடுறது வீண்." இதுதான் எனக்கு அதிகமாகக் கோபம் வரும் பேச்சு. எல்லாரும் உள்ளே கண்ணாடி இல்லாத புது வகை மிரர்லெஸ் கேமராக்களுக்குப் போனதால்தான், 1500டி மாதிரி டிஎஸ்எல்ஆர்களுக்கான இந்த லென்ஸ்கள் இவ்வளவு மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. அந்த 50-ஐ நாளைக்குக் கேனானின் மிரர்லெஸ் ஆர் வரிசை கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டலாம், ஆட்டோ ஃபோகஸும் வேலை செய்யும். நீங்கள் விற்றுவிட்டுப் போன பொருளைத்தான் அவன் வாங்கப் போகிறான். அதற்கும் சிரிப்பீர்களா?

"மலிவா வாங்கி மலிவா வாங்கி மொத்தத்துல ஜாஸ்தி செலவாகும்." என் கணக்கை மேலே எழுதியிருக்கிறேன். 31,000 ரூபாய் நட்டம், வட்டி தனி. மலிவானதை வாங்கியதால் வந்த நட்டமா அது?

செகண்ட் ஹேண்டில் ஏமாந்துவிடுவார்கள் என்று ஒருவர் அன்றைக்கே சொன்னார். ஏமாறுவார்கள், உண்மைதான். அப்படியானால் எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்லிக்கொடுங்களேன். போன் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் பார்த்தால் பூஞ்சை தெரியும். தன் கேமராவிலேயே மாட்டி ஃபோகஸ் ஓடுகிறதா, எஃப் எண்ணை மாற்றி எடுத்தால் லென்ஸுக்குள் இருக்கும் இதழ்கள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். என் நண்பன் ஒருவன் நிக்கான் டி5300 வைத்துக்கொண்டு, யாரோ சொன்னார்கள் என்று 50 எஃப் 1.8டி வாங்கினான். அந்த லென்ஸிலும் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, அந்த கேமரா பாடியிலும் கிடையாது, ஆட்டோ ஃபோகஸே ஓடவில்லை. அவனுக்கு மோட்டார் உள்ளேயே இருக்கும் 35 எஃப் 1.8ஜி என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னவர் கேமரா மாடலைக்கூடக் கேட்கவில்லை. வாங்கியவன் ஒரு மாதச் சம்பளத்தில் பாதியைக் கொடுத்தான்.

எனக்கு வலிப்பது லென்ஸ் விஷயம்கூட இல்லை என்று இதை எழுதும்போதுதான் புரிகிறது. "விரலுக்குத் தகுந்த வீக்கம்" என்று சொன்னீர்களே, அது விலையைப் பற்றிய பேச்சா? நீ இந்த இடத்துக்கு வராதே என்பதுதானே அதற்கு அர்த்தம்? எங்கள் அப்பா வாடிக்கையாளரிடம் "உங்க துணி மட்டம்" என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நூறு ரூபாய்த் துணி கொண்டுவந்தாலும் தோள் அளவை இரண்டு தடவை எடுப்பார். எட்டாயிரம் சேர்க்க ஒரு பையனுக்கு எத்தனை மாதம் ஆகும் என்று இரண்டு கேமரா மாட்டியவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றைக்குப் படிக்கட்டில் பேசாமல் நின்றேன். மூத்தவரிடம் முகம் கொடுத்துப் பேச வேண்டுமே, அடுத்த வாரக் கல்யாண வேலைக்கு அவர்தானே கூப்பிடுவார் என்று நினைத்தேன். இதைப் படித்த பிறகு அவர் கூப்பிட மாட்டார். பரவாயில்லை.

தம்பி, உன் பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. இதை யாராவது உன்னிடம் காட்டினால், வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு அதே படிக்கட்டுக்கு வா. என் 50-ஐயும் 24-ஐயும் கொண்டுவருகிறேன். உன் கேமராவில் மாட்டி நாள் முழுக்க எடுத்துப் பார். மாட வீதியில் பூ கட்டுகிற அம்மாக்கள் வெயில் ஏறுவதற்கு முன்னால் வந்துவிடுவார்கள். லென்ஸ் மூடியும் ஒன்று என்னிடம் உபரியாக இருக்கிறது. 58 மி.மீ., உன்னுடையதற்குச் சரியாகப் பொருந்தும்.