பாட்டு மாத்திரைக்குப் பதில் இல்லை

சேர்ந்து பாடினால் மனச்சோர்வு குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம், ஆய்விலேயே உறுதியாகிவிட்டது என்று மேலே பகிர்ந்திருக்கிறீர்கள். ஆய்வு சொல்வது அது இல்லைங்க. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, 421 பேர் பங்கேற்ற 9 ஆய்வுகளைப் பார்த்தது. வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் நடத்தும் இசைச் சிகிச்சையும் சேர்ந்தபோது, குறுகிய காலத்துக்கு மனச்சோர்வு கூடுதலாகக் குறைந்தது. மருந்தை விட்டுவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை. காக்ரேன் நூலகத் தளத்தில் ‘மியூசிக் தெரபி ஃபார் டிப்ரஷன்’ என்று ஆங்கிலத்தில் தேடினால், எளிய நடையில் எழுதிய சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். நீங்களே படித்துப் பாருங்கள்.

நாலு பேரோடு சேர்ந்து பாடுவது பெரிய ஆறுதல், தாராளமாகப் பாடுங்கள். ஆனால் மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரிடம் பேசிய பிறகுதான். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரலாம்.