படம் முதலில் வந்தால் எழுத்தை யார் பார்ப்பார்கள்?

ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு படக்குறியீட்டை ஏற்றி, அது துள்ளிக்கொண்டு வருகிற மாதிரி அனிமேஷனும் போட்டு, வாசிப்பு ஸ்லைடு என்று ஆசிரியர் குழுக்களில் பகிர்கிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். உழைப்பைக் குறை சொல்லவில்லை, ஒரு சின்னக் கதைக்கு இப்படிச் செய்ய ராத்திரி எவ்வளவு நேரம் போகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த ஸ்லைடைப் பார்த்துப் பிள்ளைகள் கடகடவென்று ஒப்பிப்பதை "வாசிக்கிறார்கள்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை.

சந்தேகம் இருந்தால் அதே வாக்கியத்தைப் படம் இல்லாமல் பலகையில் எழுதிக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பிள்ளைகள் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள், முகத்தில் படம் இருக்கிறதா என்று.

இது புதுச் செய்தியும் இல்லை. ஜே சாமுவேல்ஸ் என்கிற அமெரிக்க ஆய்வாளர் மழலையர் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 1967இலேயே இதைச் சோதித்திருக்கிறார். சொல்லைப் படத்தோடு பார்த்துக் கற்ற பிள்ளைகளைவிட, படமே இல்லாமல் சொல்லை மட்டும் பார்த்துக் கற்றவர்கள்தான், படத்தை எடுத்துவிட்டு வைத்த சோதனையில் முன்னால் நின்றார்கள். ஏன் என்று பெரிதாக யோசிக்க வேண்டாம். எழுத்துக்கூட்டுவது கஷ்டம், படம் பார்ப்பது சுலபம், பிள்ளைகள் புத்திசாலிகள், சுலபமான வழியில் போகிறார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் போவோம்.

உடனே யாராவது ஆலன் பைவியோ என்கிற உளவியலாளரைக் கொண்டுவருவார்கள், படமும் சொல்லும் சேர்ந்தால் மனதில் நன்றாகப் பதியும் என்று. சரிதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அது பொருள் பதிவதைப் பற்றிய பேச்சு. வாசிப்பில் இரண்டு வேலை இருக்கிறது: எழுத்தைக் கூட்டி ஒலியாக்குவது ஒன்று, அந்த ஒலிக்குப் பொருள் பிடிப்பது இன்னொன்று. படக்குறியீடு இரண்டாவது வேலைக்கு நல்ல துணை, முதல் வேலையில் அது குறுக்கே நிற்கிற ஆள். நாம் ஸ்லைடில் போடுகிற மாதிரியான படக்குறியீட்டுத் தொகுப்புகள் பிறந்த கதையைப் பார்த்தாலும் இது புரியும். சார்ல்ஸ் பிளிஸ் என்பவர் 1949இல் வெளியிட்ட குறியீடுகள், மொழி வேறுபட்டவர்களும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக உருவானவை. 1971இல் டொராண்டோவில் பேச முடியாத பிள்ளைகளுக்காக அவற்றைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அப்புறம் 1981இல் ரோக்சானா மேயர் ஜான்சன் என்கிற அமெரிக்கப் பேச்சுப் பயிற்சியாளர் கொண்டுவந்த தொகுப்பும் பேச்சுக்குத் துணையாக வந்ததுதான். எழுத்துக் கற்றுக்கொடுப்பது இவற்றின் வேலையாக இருந்ததில்லை.

தமிழில் இன்னொரு தொல்லை சேர்ந்துகொள்கிறது, இதை யாரும் அதிகம் பேசி நான் பார்க்கவில்லை. "மரத்தில்", "மரத்துக்கு", "மரத்திலிருந்து", "மரத்தோடு" எல்லாவற்றுக்கும் மேலே அதே மரப் படம்தான் உட்கார்ந்திருக்கும். பிள்ளை படத்தைப் பார்த்து "மரம்" என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவிவிடும். நம் மொழியில் சொல்லின் வால்தானே பாதிக் கதையைச் சொல்கிறது? பறவை மரத்துக்குப் போனதா, மரத்திலிருந்து போனதா என்று கேட்டால் அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை, ஏனென்றால் படத்திலும் பதில் இல்லை. "ஆனால்", "அதனால்" போன்ற சொற்களுக்கு வைக்கிற குறியீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், எழுத்தைவிட அந்தக் குறியீட்டை மனப்பாடம் செய்வதுதான் கஷ்டம்.

இந்த இடத்தில்தான் அனிமேஷன் உண்மையிலேயே உதவும், நாம் அதைச் சரியான இடத்தில் பயன்படுத்தினால். பவர்பாயிண்டில் ஒரு படத்தைக் கோடு போட்ட பாதையில் நகர்த்தும் வசதி இருக்கிறது. பறவை மரத்தை நோக்கிப் போய் உட்கார்ந்தால் "மரத்துக்கு". மரத்திலிருந்து கிளம்பி ஓரத்தில் மறைந்தால் "மரத்திலிருந்து". அசையாத குறியீட்டால் சொல்ல முடியாத வேற்றுமையை இரண்டு விநாடி அசைவு சொல்லிவிடுகிறது. வினைச்சொற்களுக்கும் இதே மாதிரிதான், ஏறினான், இறங்கினான், தள்ளினான், இழுத்தான் எல்லாம் அசைந்தால்தான் புரியும். எழுத்து மட்டும் அசையவே கூடாது. ஒவ்வொரு சொல்லும் ஒவ்வொரு மூலையிலிருந்து பறந்து வந்து உட்காருகிற ஸ்லைடுகளைப் பார்க்கும்போது எனக்கே தலை சுற்றுகிறது, இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்ட இப்போதுதான் பழகுகிற ஆறு வயதுப் பிள்ளையின் பாடு என்ன? சுழல்வது, குதிப்பது, கைதட்டல் சத்தம் எல்லாவற்றையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பளிச் பளிச்சென்று மின்னுவது சிலருக்கு வலிப்பையே தூண்டலாம், ஒரு விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்று இணையதள அணுகல் விதிகளிலேயே இருக்கிறது.

அடுத்தது வரிசை. நான் செய்வது இதுதான். முதலில் வாக்கியம் மட்டும் வரும், படம் கிடையாது. பிள்ளைகள் கூட்டி வாசிக்க நேரம் கொடுப்பேன், யாராவது தவறாக வாசித்தாலும் உடனே திருத்தமாட்டேன். அப்புறம் ஒரு கிளிக், படம் வந்து பதில் சொல்லும். "டீச்சர், நான் சரியாத்தான் சொன்னேன்" என்று கத்துவார்கள், தவறாக வாசித்தவர்கள் திரும்ப எழுத்தைப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பப் பார்க்கிற பார்வைக்காகத்தான் இவ்வளவும். படம் தானாக வருகிற மாதிரி நேரம் வைத்துவிடாதீர்கள், கிளிக் உங்கள் கையில்தான் இருக்க வேண்டும், மெதுவாக வாசிக்கிற பிள்ளையை ஸ்லைடு முந்தக் கூடாது.

எல்லாச் சொல்லுக்கும் படம் வேண்டாம். பிள்ளைகளுக்குப் பொருள் தெரியாது என்று நினைக்கிற ஒன்றிரண்டு சொல் போதும். ஒரு பொருளுக்கு எடுத்த குறியீட்டைக் கதை முழுக்க மாற்றாதீர்கள், மூன்றாவது ஸ்லைடில் கோட்டோவியமாக இருந்த நாய் ஏழாவதில் புகைப்படமாக வந்தால் அது வேறு நாய் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும், கேட்பதும் நியாயம்தான். இரண்டாம் நாள் அதே ஸ்லைடுகளை நகலெடுத்துப் படங்களை அழித்துவிட்டு வாசிக்க வையுங்கள், ஐந்து நிமிட வேலை. படம் தேடுகிறவர்களுக்கு: ஸ்பெயினின் அரகோன் அரசு வழங்கும் அராசாக் (ARASAAC) என்கிற படக்குறியீட்டுத் தொகுப்பு இலவசம், வணிக நோக்கம் இல்லாமல் பெயர் குறிப்பிட்டுப் பயன்படுத்தலாம்.

நான் சொன்னது எதையும், வாயால் பேச முடியாமல், படக்குறியீடுகள் உள்ள பலகையைத் தொட்டுக் காட்டிப் பேசுகிற பிள்ளைகளிடம் அப்படியே கொண்டுபோய்விடாதீர்கள். அவர்களுக்கு அந்தப் பலகைதான் வாய், வாசிப்பு நேரம் என்று சொல்லி அதை எடுத்து வைப்பது கொடுமை. பலகை மேசையில் இருக்கட்டும், கதையைப் பற்றிக் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் சிரிக்கவும் அது வேண்டும். ஆனால் அதே காரணத்தைச் சொல்லி அவர்களுக்கு மட்டும் எழுத்தே இல்லாத, அல்லது எழுத்து படத்துக்கு அடியில் பொடியாகக் கிடக்கிற ஸ்லைடைத் தனியாகச் செய்து கொடுப்பதை நிறுத்துங்கள், திரையில் மற்றவர்களுக்கு வருகிற வெறும் வாக்கியம் அவர்களுக்கும் வரட்டும்.