குழாய்க்குக் காவல்

கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்கு வந்து நாற்பது நாளாகிறது, நாற்பது நாளும் குழாய்க்குத்தான் காவல் இருக்கிறேன். நல்ல தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவரும் சொல்வதில்லை. நேற்று விடியற்காலை மூன்றரைக்கு. இன்று மத்தியானம், அதுவும் சோற்றில் கை வைத்த நேரம் பார்த்து! ஓடிப்போய்ப் பிடித்தால் குடத்தின் அடியில் விரிசல், பாதித் தண்ணீர் வாசலில்.

போர் தண்ணீரை எப்படிக் குடிப்பது? தர்மபுரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் வளரும் பிள்ளைகளின் பல்லைக் கெடுத்துவிடும். என் முன்பற்களில் இன்னும் அந்தப் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன, சிரித்தால் கை தானாக வாயை மூடுகிறது. சின்னவனோ போர் குழாயிலேயே பாட்டிலைப் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டு வந்து நிற்கிறான். அவனை அடிப்பதா, குழாயை உடைப்பதா? “நீ இதைக் குடிச்சுத்தானே வளர்ந்தே” என்கிறார் அம்மா. அதனால்தானே கத்துகிறேன்!

அப்புறம் பெரியவள், மாங்காய்ப் பால் பட்டு உதடு எரிகிறது என்று அழுதுகொண்டு வந்தாள். கழுவலாம் என்றால் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. சொம்பில் மிச்சமிருந்த குடிதண்ணீரைத்தான் ஊற்றினேன்.